பயிற்றுநர் நாற்காலி: ஜொகூரிலிருந்து ஒரு பார்வை

1997 நவம்பர் 16ஆம் தேதி இரவு, ஜொகூர் பாரு லார்க்கின் அரங்கத்தில் ஜப்பானும் ஈரானும் மோதின. மலேசியாவுக்கு அந்த ஆட்டத்தில் ஒரு பங்கும் கிடையாது. இரு தரப்புக்கும் பொதுவான திடல் ஒன்று தேவைப்பட்டது, அது நம் ஊராக வாய்த்தது. வெல்பவர் நேராக பிரான்ஸ் உலகக் கிண்ணத்துக்குப் போகலாம். தோற்பவர் ஆஸ்திரேலியாவோடு இன்னொரு முறை முட்டிப் பார்க்க வேண்டும். ஜப்பான் அதுவரை ஒரு முறைகூட உலகக் கிண்ணத்தில் ஆடியதில்லை.

ஜப்பானின் பயிற்றுநர் தாக்கேஷி ஒக்காடாவுக்கு அப்போது வயது 41. ஆறு வாரங்களுக்கு முன்புவரை அவர் துணைப் பயிற்றுநர்தான். கஜகஸ்தானோடு சமநிலை கண்டதும் தலைமைப் பயிற்றுநர் ஷூ காமோவைத் தூக்கிவிட்டு, பக்கத்தில் இருந்தவரை முன்னே தள்ளினார்கள். எந்த அணிக்கும் தலைமைப் பயிற்றுநராக இருந்த அனுபவம் அவருக்கு இல்லை. லார்க்கினில் ஜப்பான் முதல் கோலை அடித்தது. இடைவேளை முடிந்த கையோடு அஸிஸி சமன் செய்தார். 59ஆவது நிமிடத்தில் அலி டாயி தலையால் முட்டி ஈரானை முன்னுக்குக் கொண்டுபோனார். அதன்பின் சில நிமிடங்களில் ஒக்காடா செய்ததுதான் இன்றும் பேசப்படுகிறது. முன்கள ஆட்டக்காரர் இருவரையும் ஒரே நேரத்தில் வெளியே அழைத்தார். அவர்களில் ஒருவர் நாக்கயாமா. மற்றவர் ஜப்பானியக் காற்பந்தின் முகமாகவே இருந்த கஸு மியூரா. மாற்றாக வந்தவர்களில் ஜோ ஷோஜி 76ஆவது நிமிடத்தில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இறக்கப்பட்ட ஒக்கானோ, கைக்கு வந்த வாய்ப்புகளையெல்லாம் கோட்டைவிட்ட பிறகு, 118ஆவது நிமிடத்தில் தங்க கோலை அடித்தார். 3-2. ஜப்பானியர்கள் அந்த இரவை இன்றும் நம் ஊர்ப் பெயரைச் சேர்த்தே நினைவுகூர்கிறார்கள்.

எதிர்த்தரப்பில் நின்றவர் பிரேசில்காரர் வால்டெயர் வியேரா. லார்க்கினில் தோற்ற அவர், பதின்மூன்று நாள் கழித்து மெல்பர்னில் 0-2 என்று பின்தங்கியிருந்த ஈரானை 2-2க்குக் கொண்டுவந்து உலகக் கிண்ணத்துக்கே அழைத்துச் சென்றார். அழைத்துச் சென்றார் என்பது பேச்சுக்குத்தான். பிரான்சில் ஈரான் ஆடியபோது பயிற்றுநர் இருக்கையில் ஜலால் தாலிபி இருந்தார். இடையில் தோமிஸ்லாவ் இவிச் என்று ஒருவர் வந்தும் போயிருந்தார். ஒக்காடா பிரான்சில் மூன்று ஆட்டத்திலும் தோற்றுப் பதவி விலகினார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, அதே ஒக்காடா தென்னாப்பிரிக்காவில் ஜப்பானைக் கடைசி 16 அணிகளுக்குள் கொண்டுசென்றார்.

ஒரே இரவில் ஒரே திடலில் நின்ற இருவரில் தோற்றவரும் தகுதி பெற்றார், வென்றவரும் பதவியை விட்டார். அப்படியானால் ஒரு பயிற்றுநரின் வாழ்க்கையை எதைக்கொண்டு அளப்பது? வெற்றி தோல்விப் பட்டியல் போதுமா? ஜொகூரின் காற்பந்துக் கதையையும், மலேசிய அணிகளை நடத்திய தமிழ்ப் பயிற்றுநர்களின் கதையையும், இந்தத் தொழிலே பிறந்த அமெரிக்கக் கல்லூரிகளின் கதையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று படுகிறது. அவர் எத்தனை ஆட்டம் வென்றார் என்பதைவிட, அவரை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதே அந்த வாழ்க்கையின் நீளத்தைத் தீர்மானித்திருக்கிறது.

அமெரிக்கர்கள் ஆடும் காற்பந்து நம்முடையது அல்ல. முட்டை வடிவப் பந்து, கையால் எறிதல், ஆளை மோதி வீழ்த்துதல் என்று ரக்பிக்குச் சொந்தக்கார ஆட்டம் அது. ஆனாலும் பயிற்றுநர் என்ற ஆள் எப்படி முளைத்தார் என்பதை அங்கேதான் தெளிவாகப் பார்க்க முடிகிறது. 1880களின் தொடக்கத்தில் அந்தக் கல்லூரிகளில் பயிற்றுநரே இல்லை. மாணவர்களில் ஒருவர் அணித்தலைவர், அவர் சொன்னதுதான் சட்டம். யேல் பல்கலைக்கழகத்தில் வால்டர் கேம்ப் அந்த வழக்கத்தை மாற்றினார். அவருக்கு அதற்குச் சம்பளம் கிடையாது. பகலில் நியூ ஹேவன் கடிகார நிறுவனத்தில் வேலை. பயிற்சியோ பிற்பகலில். ஆகவே அவர் மனைவி ஆலிஸ் திடலுக்குப் போய், யார் நன்றாக ஆடினார், யார் சோம்பினார் என்று பார்த்துவந்து சொல்வார். இரவில் ஆட்டக்காரர்கள் வீட்டுக்கு வர, கேம்ப் திருத்தங்களைச் சொல்வார். 1888இல் அந்த யேல் அணி ஆடிய 13 ஆட்டத்தையும் வென்றது. அடித்த புள்ளிகள் 698, எதிரணிகள் எடுத்தது பூஜ்யம். ஏடுகளில் கேம்பின் பெயர்தான் இருக்கிறது. திடல் ஓரத்தில் நின்று கண்ணால் பார்த்தவர் ஆலிஸ். முதல் துணைப் பயிற்றுநர் என்று அவரைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த அணியில் ஆடியவர்களில் ஒருவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். 1892இல் புதிதாகத் தொடங்கிய சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ஹார்ப்பர் அவரை வரவழைத்தார். ஆண்டுச் சம்பளம் 2,500 டாலர், கூடவே இணைப் பேராசிரியர் பதவி, அதுவும் நிரந்தரம். தோற்றால் வேலை போகும் என்ற பயமில்லாத பயிற்றுநர் அப்படித்தான் உருவானார். 41 பருவங்கள் சிக்காகோவிலேயே இருந்தார். அதில் தோற்ற பருவங்களும் உண்டு, கடைசி ஆண்டுகள் பெரும்பாலும் தோல்விதான். 1932இல் 70 வயது ஆகிவிட்டது என்று ஓய்வு கொடுத்தார்கள். அவர் கலிஃபோர்னியாவில் ஒரு சிறிய கல்லூரிக்குப் போய் இன்னும் 14 பருவம் நடத்தினார். 1943இல், 81 வயதில், நாட்டின் ஆண்டுச் சிறந்த பயிற்றுநர் என்று தேர்வானார். 102 வயதுவரை வாழ்ந்தார். சிக்காகோவோ 1939இல் காற்பந்தையே நிறுத்திவிட்டது.

எல்லாரும் ஸ்டாக் அல்ல. 'பாப்' வார்னர் 1895இல் ஒரே ஆண்டில் இரண்டு கல்லூரிகளுக்குப் பொறுப்பேற்றார். அயோவாவில் ஆகஸ்ட், செப்டம்பரில் அணியைத் தயார் செய்து கொடுத்துவிட்டு ஜார்ஜியாவுக்கு ரயிலேறினார். பிறகு கார்னெல், கார்லைல், பிட்ஸ்பர்க், ஸ்டான்ஃபர்ட், டெம்பிள் என்று நாடு முழுக்கச் சுற்றினார். இவர்களுக்குக் கீழே நூற்றுக்கணக்கானவர்கள். சட்டம் படித்துக்கொண்டே, மருத்துவம் படித்துக்கொண்டே, ஒரு பருவம் ஒரு கல்லூரிக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வக்கீலாகவோ டாக்டராகவோ போனவர்கள். பலரைப் பற்றி இன்று எஞ்சியிருப்பது ஒரு வரிதான்: இத்தனை வெற்றி, இத்தனை தோல்வி, இத்தனை சமநிலை. மழை பெய்ததா, ஆள் பற்றாக்குறையா, ரயில் தாமதமா, அந்த வரியில் இருக்காது.

பணம் வந்ததும் நிலைமை மாறியது. 1905இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 26 வயது பில் ரீடுக்கு 7,000 டாலர் கொடுத்தது. பேராசிரியர்கள் எவருக்கும் அவ்வளவு கிடையாது. அதில் பாதியை முன்னாள் மாணவர்கள் திரட்டித் தந்தார்கள். தந்தவர்கள் கேள்வியும் கேட்டார்கள். அதே பருவத்தில் நாடெங்கும் குறைந்தது 18 பேர் திடல்களில் அடிபட்டுச் செத்தார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பயிற்றுநர்களை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே பந்தை முன்னோக்கி எறிய அனுமதித்தார்கள், ஆட்டம் கொஞ்சம் விரிந்தது. பயிற்றுநரின் எசமான் பல்கலைக்கழகமா, பணம் கொடுக்கும் வெளியாளா என்ற கேள்வி அங்கே அப்போதே பிறந்துவிட்டது. நூறு ஆண்டு கழித்து அது ஜொகூரில் வேறு உருவில் வந்து நிற்கிறது.

மலாயாவில் தொடக்கம் வேறு மாதிரி. 1921இல் 'எச்.எம்.எஸ். மலாயா' போர்க்கப்பலின் மாலுமிகள் கொடுத்த கிண்ணம்தான் மலாயா கிண்ணம், பின்னாளில் மலேசியக் கிண்ணம். முதல் ஆண்டு வென்றது சிங்கப்பூர். அந்தக் காலத்தில் அணியைத் தேர்ந்தெடுத்தது சங்கத்துக் குழு. பயிற்சி என்றால் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், அல்லது பள்ளி ஆசிரியர் ஒருவர், மாலையில் திடலுக்கு வந்து விசில் ஊதுவதுதான்.

தோட்டங்களில் அதுகூட இல்லை. குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு, மதியத்துக்குள் பால் எடுத்து முடித்தாக வேண்டும். நாலு மணிக்குமேல் லயத்துக்கு முன்னால் உள்ள திடலில் பந்து உருளும். அணியைச் சேர்த்தவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவோ, கிராணியாகவோ, தோட்டத்து மருந்தகத்தில் கட்டுப்போடும் டிரசராகவோ இருப்பார். பந்து வாங்க வசூல் செய்வது, பக்கத்துத் தோட்டத்துக்கு லாரி பிடிப்பது, மேனேஜரிடம் ஆட்டக்காரனுக்கு அரை நாள் விடுப்புக் கேட்பது, அடிபட்டவனுக்குத் தைலம் தேய்ப்பது எல்லாம் அவர் வேலை. ஆட்டநுணுக்கம் சொல்லிக்கொடுப்பது கடைசியில் வரும். அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரே பருவம் நின்றவருக்கும் ஒரு வரி கிடைத்தது. நம் தோட்டத்துப் பயிற்றுநர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஒரு வரியும் வாய்க்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போனபோது திடல்களும் போயின.

தொழில்முறைப் பயிற்றுநர் என்று இந்த வட்டாரத்தில் முதலில் சொல்லத்தக்கவர் காஸ்வே பாலத்துக்கு அந்தப் பக்கத்து சிங்கப்பூர் ஆள். சூ செங் குவீ, எல்லாருக்கும் 'அங்கிள் சூ'. சிங்கப்பூர், இந்தோனேசியா, மலாயா என மூன்று தேசிய அணிகளை நடத்தியவர். 1950களின் இறுதியில் மலாயா மெர்டேக்கா கிண்ணத்தை வென்றபோது அணி அவர் கையில்தான் இருந்தது. தலைமுடி நீளமா என்பதுவரை பார்ப்பார். சங்கத்தோடு சண்டை, விலகல், மறுபடி அழைப்பு என்றே அவர் காலம் போனது. 1977இல் சிங்கப்பூருக்கு மலேசியக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார். இறுதியாட்டத்தில் பினாங்கை 3-2 என்று வென்றார்கள். அதையொட்டிக் காலில் வந்த புண் முற்றி, காலையே எடுக்க வேண்டியதாயிற்று. 1983இல் காலமானார். அவரைப் போற்றாத சிங்கப்பூர்க் காற்பந்துக்காரர் இல்லை. நிரந்தர வேலை கொடுத்துவைத்த சங்கமும் இல்லை.

ஜொகூர் 1985இல் மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1991இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மைக்கேல் உருக்காலோவின் கீழ் லீக், மலேசியக் கிண்ணம் இரண்டையும் சேர்த்தே எடுத்தது. கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 3-1 என்று வீழ்த்தியது. அப்பாஸ் சாட், அலிஸ்டர் எட்வர்ட்ஸ் பெயர்களை லார்க்கினுக்குப் போன அந்தத் தலைமுறை இன்னும் சொல்லும். ஆனால் அடுத்த உயர்நிலை லீக் பட்டத்துக்கு ஜொகூர் 2014 வரை காத்திருந்தது. 23 ஆண்டு! நடுவே 1994, 95இல் நாட்டின் காற்பந்தையே உலுக்கிய ஆட்டச்சூது விவகாரம். நூற்றுக்கும் மேற்பட்டோரை விசாரித்தார்கள், பல ஆட்டக்காரர்களோடு பயிற்றுநர்களும் வெளியேற்றப்பட்டார்கள். ரசிகர்கள் அரங்கத்தை விட்டு தொலைக்காட்சி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள், ஆங்கிலேய லீக்கைப் பார்க்க. உருக்காலோவின் 1991 பெரிய சாதனைதான். ஆனால் அவர் போனதும் அது அவரோடே போயிற்று. அவருக்குப் பின்னால் தொடர்ந்து நிற்க அங்கே எதுவும் கட்டப்படவில்லை.

தமிழ்ப் பயிற்றுநர்களின் கதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. மலேசிய தேசிய அணிக்கு எழுபதுகளில் எம். குப்பன் பயிற்சி அளித்தார். மாநில அணிகளில் எம். கராத்து, கே. தேவன், பி. மணியம் என்று பட்டியல் நீளும். சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி 2013இல் லயன்ஸ் XII அணியைக் கொண்டு மலேசிய சூப்பர் லீக்கையே வென்று போனார். இவர்களில் இருவரை மட்டும் நிதானமாகப் பார்க்கலாம்.

பி. சத்தியநாதன் 2007இல் தேசிய அணிக்கு வந்த சூழலே நல்ல சூழல் அல்ல. சொந்த மண்ணில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 என்று அணி நொறுங்கியிருந்தது. வீடு எரிந்த பிறகு கூப்பிட்டார்கள். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-5 என்று தோற்றபின் அவரையும் அனுப்பிவிட்டார்கள். அவர் கிளந்தானுக்குப் போனார். 2010 அக்டோபர் 30ஆம் தேதி நெகிரி செம்பிலானை 2-1 என்று வென்று, கிளந்தானுக்கு அதன் வரலாற்றிலேயே முதல் மலேசியக் கிண்ணத்தை எடுத்துக்கொடுத்தார். கோத்தா பாருவில் அது ஒரு மாநிலத்தின் பெருநாளாகவே ஆனது. 2011இல் அந்த இருக்கையில் எம். கராத்து அமர்ந்தார், சூப்பர் லீக்கை வென்றார். 2012இல் குரோவேஷியரான போயான் ஹோடாக் வந்து மூன்று கிண்ணங்களையும் வாரிக்கொண்டார். அவ்வாண்டு மலேசியக் கிண்ண இறுதியில் கிளந்தானை எதிர்த்தது இராணுவ அணியான ஏ.டி.எம். அதன் பயிற்றுநர் சத்தியநாதன்! கூடுதல் நேரத்தில் 3-2 என்று கிளந்தான் வென்றது.

மூன்று ஆண்டு, மூன்று பயிற்றுநர், மூவருமே வென்றவர்கள். வென்றதால் யாரும் நிலைக்கவில்லை. பின்னாளில் சத்தியநாதன் நாட்டின் காற்பந்துப் பயிற்றுநர் சங்கத்துக்குத் தலைவரானதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஒப்பந்தம், சம்பள பாக்கி, திடீர் வெளியேற்றம் ஆகியவற்றைப் பேச ஆள் வேண்டும் என்று அனுபவம் கற்றுக்கொடுத்திருக்கும்.

தேசிய அணியில் சத்தியநாதனுக்குப் பின் வந்தவர் கே. ராஜகோபால், சிலாங்கூரின் பழைய ஆட்டக்காரர். 2009 ஜூலையில் கோலாலம்பூருக்கு வந்த மான்செஸ்டர் யுனைடெட்டிடம் மலேசிய அணி 2-3 என்று தோற்றது. அம்ரி யாஹ்யா இரண்டு கோல் அடித்தார். அதை நட்பு ஆட்டம்தானே என்று ஒதுக்கினார்கள். டிசம்பரில் வியன்தியனில் வியட்னாமை 1-0 என்று வென்று, இருபது ஆண்டுக்குப் பின் சீ விளையாட்டுத் தங்கத்தைக் கொண்டுவந்தார். ஆனாலும் அவரை அளக்க வேண்டியது 2010 டிசம்பரில்தான்.

தென்கிழக்காசியக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலேயே ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று அடி வாங்கினார்கள். அந்த நிலையில் ஒரு மலேசியப் பயிற்றுநருக்கு என்ன நடக்கும் என்பது சத்தியநாதனின் 0-5இலேயே தெரிந்த கதை. போட்டி நடுவே மாற்ற முடியாதது ராஜகோபாலின் அதிர்ஷ்டம். தாய்லாந்தோடு கோலின்றிச் சமன், லாவோசை 5-1 என்று வெற்றி. அரையிறுதியில் நடப்பு வெற்றியாளரான வியட்னாமை புக்கிட் ஜாலிலில் 2-0 என்று வென்று, ஹனோயில் கோல் விடாமல் தடுத்தார்கள். இறுதியில் மறுபடி இந்தோனேசியா. டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில், கூட்டத்திலிருந்து லேசர் ஒளியை முகத்தில் அடிக்கிறார்கள் என்று இந்தோனேசியர்கள் திடலை விட்டு வெளியேறினார்கள். ஆட்டம் சில நிமிடம் நின்றது. நம் ரசிகர்கள் செய்த அந்த வேலை வெட்கப்பட வேண்டியதுதான், அதை மறைத்து எழுத முடியாது. ஆட்டம் தொடர்ந்ததும் 61ஆவது நிமிடத்தில் சாஃபி சாலி, 68இல் அஷாரி, 73இல் மறுபடி சாஃபி. 3-0. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில், கைருல் ஃபாமி பெனால்டியைத் தடுத்தார். சாஃபி இன்னொன்று அடித்தார். 1-2 என்று தோற்றும் மொத்தத்தில் 4-2. டிசம்பர் 31ஆம் தேதி நாடு முழுக்கப் பொது விடுமுறை.

1-5க்கும் 3-0க்கும் இடையே 25 நாள்தான். ஆட்டக்காரர்களும் பெரும்பாலும் அதே இளைஞர்கள். நாட்டின் நிர்வாகமோ லீக்கோ அந்த நாள்களுக்குள் மாறிவிடவில்லை. பயிற்றுநரின் பங்கு என்ன என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான சான்று மலேசியக் காற்பந்தில் இல்லை என்பேன். அடுத்த தென்கிழக்காசியக் கிண்ணத்தில், 2012இல், சிங்கப்பூரிடம் 0-3 என்று தொடங்கி, அரையிறுதியில் தாய்லாந்திடம் தோற்றார்கள். 2013 முடிவில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதன்பின் டோல்லா சாலே, ஓங் கிம் சுவீ, போர்த்துகல்காரர் விங்காடா, டான் செங் ஹோ, கொரியர் கிம் பான் கோன், ஸ்பெயினின் பாவ் மார்த்தி, ஆஸ்திரேலியர் பீட்டர் கிளமோவ்ஸ்கி என்று வந்தவர்கள் பலர். தமிழர் ஒருவர் தேசிய அணியின் தலைமைப் பயிற்றுநர் இருக்கைக்குத் திரும்பவில்லை.

ராஜகோபாலின் அணியில் ஆடியவர்களில் பலர் பிறகு ஜொகூருக்கே வந்தார்கள். அணித்தலைவர் சாஃபிக் ரஹிம், சாஃபி சாலி, நொர்ஷாருல், எஸ். குணாளன் எல்லாரும் ஜொகூர் டாருல் தக்ஸிம் (ஜேடிடி) கழகத்தின் சீருடையை அணிந்தார்கள். ஜொகூரின் எழுச்சியைப் பேசுகிறவர்கள் துங்கு மக்கோத்தா ஜொகூர் துங்கு இஸ்மாயிலில் தொடங்குவார்கள், அது சரிதான். ஆனால் அந்த எழுச்சிக்கு முதல் மூலதனமாக வந்த உள்ளூர் ஆட்டக்காரர்களில் பலரைப் பெரிய மேடைக்குப் பழக்கியவர் கே. ராஜகோபால். அந்தக் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை.

2013இல் மாநிலத்தின் சிதறிக் கிடந்த அணிகளை ஒன்றாக்கி ஜொகூர் டாருல் தக்ஸிம் உருவானது. முதல் ஆண்டிலேயே சிங்கப்பூரின் ஃபாண்டி அகமது, ஸ்பெயினின் சேசார் ஃபெர்ராண்டோ என இரண்டு பயிற்றுநர்கள். 2014இல் கிளந்தானில் மூன்று கிண்ணம் வென்ற ஹோடாக்கை அழைத்தார்கள். லீக்கை வென்று கொடுத்தார், 2015இல் பாதியிலேயே போனார். அர்ஜென்டினாவின் மாரியோ கோமஸ் வந்தார். வலென்சியாவிலும் இண்டர் மிலானிலும் எக்டர் கூப்பருக்குத் துணையாக இருந்தவர். 2015 அக்டோபர் 31ஆம் தேதி தஜிகிஸ்தானின் துஷான்பேயில், லியான்ட்ரோ வெலாஸ்கெஸின் ஒரே கோலால் இஸ்திக்லோலை வென்று ஏஎஃப்சி கிண்ணத்தை எடுத்தார்கள். தென்கிழக்காசியக் கழகம் ஒன்று அதை வென்றது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு அரையிறுதியில் பெங்களூரு எஃப்சியிடம் தோற்றார்கள். ஜொகூரில் 1-1, பெங்களூரில் 1-3. சுனில் சேத்ரி இரண்டு அடித்தார். இந்தியக் கழகம் ஒன்று அந்த இறுதிக்குப் போனதும் அதுவே முதல் முறை. நம் வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் யார் பக்கம் கைதட்டுவது என்று தடுமாறியவர்கள் அன்று இருந்திருப்பார்கள்.

2017 தொடக்கத்தில் கோமஸும் போனார். போர்த்துகலின் உலிசஸ் மொராயிஸ், அர்ஜென்டினாவின் லூசியானோ ஃபிகரோவா, மெக்சிகோவின் பெஞ்சமின் மோரா, மீண்டும் அர்ஜென்டினாவின் எக்டர் பிடோக்லியோ, எஸ்டபான் சோலாரி, திரும்பவும் பிடோக்லியோ, 2025இல் ஸ்பெயினின் ஸிஸ்கோ முன்யோஸ். இவர்களில் கொஞ்சம் நீடித்தவர் மோரா. 2022 ஏப்ரலில் கவாசாக்கி, உல்சான் ஆகியவற்றைத் தாண்டி ஆசிய வெற்றியாளர் லீக்கில் ஜேடிடி தன் பிரிவில் முதலிடம் பிடித்தபோது அவர்தான் பயிற்றுநர். அதே ஆண்டின் மலேசியக் கிண்ண இறுதியில் அணியை நடத்தியவர் பிடோக்லியோ. 2014 முதல் 2024-25 வரை 11 லீக் பட்டம் தொடர்ந்து. பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன, கிண்ணம் மட்டும் ஜொகூரை விட்டுப் போகவில்லை.

இங்கே பயிற்றுநர் வாடகைக்குக் குடியிருப்பவர். வீட்டை நடத்துபவர் வேறு. ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பது, சம்பளம், பயிற்சி மையம், இளைஞர் அணி, 2020இல் இஸ்கண்டார் புத்ரியில் திறந்த 40,000 இருக்கை கொண்ட சுல்தான் இப்ராஹிம் அரங்கம், இவையெல்லாம் உரிமையாளரின் முடிவுகள். ஒரு பயிற்றுநர் கிளம்பினால் அடுத்தவர் அதே கட்டமைப்பில் வந்து அமர்கிறார். உருக்காலோ போனபோது 23 ஆண்டு இருட்டு. கோமஸ் போனபோது ஒரு பருவம்கூடத் தடுமாறவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மலேசியக் காற்பந்தில் சம்பளம் மாதாமாதம் சரியாக வரும் என்று ஆட்டக்காரர்கள் நம்பும் கழகங்கள் எத்தனை என்று கேட்டால் ஜேடிடியின் பெயர்தான் முதலில் வரும்.

குறை வேறு இடத்தில். லீக் முழுவதும் ஒரே கழகத்தின் கையில் இருக்கும்போது, அந்தக் கழகத்தின் பயிற்றுநர் சொந்தத் திறமையால் வென்றாரா என்பதை லீக் சொல்லாது. ஆசிய ஆட்டங்கள்தான் சொல்லும். 2022இல் பிரிவில் முதலிடம் பிடித்த அதே அணி, அடுத்த சுற்றில் ஜப்பானின் உராவாவிடம் 0-5 என்று நசுங்கியது. இன்னொன்று, இந்தப் பதினொரு பட்டத்துக்காலத்தில் அந்த இருக்கை உள்ளூர் ஆளுக்கு வாய்க்கவில்லை. ஃபாண்டியை அண்டை வீட்டுக்காரர் என்று சேர்த்தால்கூட, அவர் பட்டங்களுக்கு முந்தியவர். நாட்டின் மிக நேர்த்தியான கழகத்தில் பழக வழியில்லை என்றால், மலேசியப் பயிற்றுநர் எங்கே பழகுவார்? ஸ்டாக்குக்குக் கிடைத்த 41 பருவத்தை யாரும் கேட்கவில்லை. மூன்று பருவம் தோற்கவும் கற்கவும் இடம் கொடுக்கும் ஒரு கழகம் வேண்டும்.

அப்படி ஒன்று கிடைப்பதுபோல் தோன்றியது பெட்டாலிங் ஜெயாவில். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் அணி கீழ்நிலை லீக்கிலிருந்து மேலேறி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019இல் சூப்பர் லீக்குக்கு வந்தது. முதலில் கே. தேவன், பிறகு பி. மணியம். 2022 பருவத்தில் மணியம் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவருமில்லாமல், உள்ளூர் இளைஞர்களை மட்டும் வைத்து லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் அயல்நாட்டு முன்கள வீரர்களை எதிர்த்து ஆடினார். பெரிய கழகங்களிடம் தோற்றார், சிலவற்றைத் தடுத்தும் நிறுத்தினார். முன்பு மாற்றாட்டக்காரர் இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டிய பையன்களுக்கு முழு 90 நிமிடம் கிடைத்தது. அந்தப் பருவம் முடிந்ததும் கழகம் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. மணியத்தின் வெற்றி தோல்விப் பட்டியலுக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தம் இல்லை. அங்கே ஆடிய பையன்கள் வேறு கழகங்களுக்கு ஒப்பந்தம் தேடிப் போனார்கள்.